நீலத் தோங்கின் எடை

காலை ஆறரைக்கு முதல் லோரி வரும். பனிக்கட்டிக்குள் புதைத்த மீன் பெட்டி பெட்டியாக இறங்கும். பெரும்பாலும் கெரிசி. நாகப்பட்டினத்தில் பிறந்த என் பாட்டிக்கு அது கடைசிவரை சங்கராதான். கெரிசி என்ற பேர் அவர் வாயில் வரவே இல்லை. லோரியின் பின்கதவைத் திறக்கும்போது நானும் போய் நிற்பேன். மீனைப் பார்த்து வாங்குவது என் வேலை இல்லை. ஆனால் செவுளின் நிறத்தையும் வாசனையையும் கவனித்துவிட்டால், மத்தியானம் என் தொட்டிக்கு என்ன வந்து சேரும் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

என் வேலை கழிவுநீர். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், செபராங் பிறையில் ஒரு மீன் பதனிடும் ஆலையில் பதினோரு வருஷம் சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்த்துக்கொண்டேன். முதலில் ஆய்வுக்கூட உதவியாளர். அப்புறம் பயிற்சிக்குப் போய், தேர்வெழுதி, சட்டம் கேட்கிற 'தகுதி பெற்ற நபர்' ஆனேன். மாதாமாதம் சுற்றுச்சூழல் துறைக்குப் போகும் அறிக்கையில் என் பேர் இருக்கும். போன வருஷம் அங்கிருந்து வந்துவிட்டேன். ஆலையின் பேரை எழுதப் போவதில்லை. அங்கே நடந்தது மற்ற இடங்களிலும் நடக்கக்கூடியதுதான்.

நாங்கள் செய்தது சுரிமி. பினாங்கில் கொய்த்தியாவ் சூப் சாப்பிட்டவர்களுக்கு அதில் மிதக்கும் வெள்ளை மீன் உருண்டையைத் தெரியும். அந்த மாதிரி உருண்டைக்கும், நண்டுக்குச்சி என்று விற்பதற்கும் அடிப்படையான மாவுதான் சுரிமி. மீனின் தலையை வெட்டி, குடலை எடுத்து, கழுவி, ஒரு துளைபோட்ட உருளையில் அழுத்துவார்கள். சதை துளை வழியாக உள்ளே போகும். எலும்பும் தோலும் வெளியே நிற்கும். அந்தச் சதையைக் குளிர்ந்த தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசிப் பிழிந்து, சர்க்கரை கலந்து, பத்துக் கிலோ கட்டிகளாக உறைய வைப்பார்கள். நூறு கிலோ மீன் உள்ளே போய் முப்பது கிலோ சுரிமி வெளியே வந்தால் அது நல்ல நாள்.

மீதி எழுபது எங்கே போகிறது? பதினோரு வருஷம் என்னைக் குடைந்த கேள்வி இது.

கெட்டியானதெல்லாம், அதாவது தலை, குடல், எலும்பு, தோல், செதில் எல்லாம், பின்வாசலில் வரிசையாக நிற்கும் நீலத் தோங்குகளில், அதாவது பீப்பாய்களில், விழும். கரைந்ததெல்லாம் என்னிடம் வரும். மீன் சதையில் இருக்கும் புரதத்தில் ஒரு பகுதி தண்ணீரில் கரைகிற வகை. அது இருந்தால் உருண்டை துள்ளாது, அதனால் கழுவிக் கழுவி வெளியேற்றுகிறார்கள். சாப்பிடக்கூடிய புரதம்தான் அது. என் தொட்டிக்கு வரும்போது அதன் பேர் மாசு.

அந்தத் தண்ணீரை எப்படி அளக்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு புட்டித் தண்ணீரை 20 டிகிரியில் ஐந்து நாள் வைத்து, அதிலிருக்கும் கிருமிகள் கழிவைத் தின்ன எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்பட்டது என்று பார்க்கிறோம். அதுதான் பி.ஓ.டி. எண் கூடக்கூட, அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் ஓடையில் மீனுக்கு மூச்சுவிட ஆக்சிஜன் குறையும். மலேசியாவின் தொழிற்சாலைக் கழிவுநீர் விதிமுறைகள் 2009, எங்களைப் போன்ற இடத்துக்கு லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்கின்றன. குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேல்புறம் இருக்கும் ஆலை என்றால் 20. என் தொட்டிக்குள் வரும்போது அது ஆயிரங்களில் இருக்கும். அதை ஐம்பதுக்குள் கொண்டுவரத்தான் கலக்கும் தொட்டி, கொழுப்பை மிதக்கவைத்து வழிக்கும் தொட்டி, காற்றூதும் தொட்டி, வண்டல் பிழியும் இயந்திரம் எல்லாம். மின்சாரக் கட்டணத்தை நினைத்தால் இன்றும் தலை சுற்றும்.

அதே 2009-இல் இன்னொரு விதிமுறையும் வந்தது. அதற்கு முந்தைய வருஷம் ஐரோப்பிய ஆய்வாளர்கள் நம் நாட்டுக் கடலுணவு ஆலைகளில் குறை கண்டார்கள். மலேசியா ஐரோப்பாவுக்கான ஏற்றுமதியைத் தானே நிறுத்திவைக்க வேண்டிவந்தது. அடுத்து ஐரோப்பாவுக்கு அனுப்பும் மீனுக்கென்றே தரக் கட்டுப்பாட்டு விதிகள் போடப்பட்டன. நான் வேலைக்குச் சேர்ந்தபோது பழைய ஆட்கள் அந்தக் காலத்தைப் பற்றி நிறையச் சொல்வார்கள். பல வருஷமாக உடைந்து கிடந்த தரை ஓடுகள் இரண்டே மாதத்தில் மாறினவாம். மரப்பலகைகள் போய்விட்டன. கால் கழுவும் தொட்டி வந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் வெப்பநிலை எழுதும் தாள் வந்தது. முதலாளி அதுவரை 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று சொன்ன அத்தனையும் செய்யப்பட்டது. விதி என்றால் வெறும் காகிதம் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தத் தரை ஓடுகள்தான் நினைவுக்கு வரும்.

சரி, இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். முன்வாசலில் போகும் பெட்டியை ஒரு விதி காவல் காக்கிறது. பின்னால் போகும் தண்ணீரை இன்னொரு விதி காவல் காக்கிறது. இரண்டுக்கும் நடுவே நிற்கும் நீலத் தோங்கைப் பற்றி, அது அசுத்தமாக இருக்கிறதா, ஈ மொய்க்கிறதா என்பதைத் தவிர யாரும் எதுவும் கேட்கவில்லை. எத்தனை கிலோ, எங்கே போனது, யார் தின்றது, எவ்வளவு புதைத்தது? நான் அங்கே இருந்த பதினோரு வருஷத்தில் ஒரு தோங்கைக்கூட யாரும் எடை போட்டதில்லை. உள்ளே வரும் மீனுக்கு டிஜிட்டல் தராசு, வெளியே போகும் சுரிமிக்கு டிஜிட்டல் தராசு. தோங்குக்கு, 'இன்று முப்பத்தைந்து தோங்' என்ற கணக்கு மட்டும்.

தோங்குகளை எடுத்துப்போக வயதான ஒரு சீனர் வருவார். எல்லோருக்கும் அவர் அப்பெக். மீன்தூள் ஆலைக்கும் வாத்துப் பண்ணைக்கும் கொண்டுபோவார். அவர் வரும்வரை தோங்குகள் வெயிலில் நிற்கும். இங்கேதான் விஷயம் இருக்கிறது. வெட்டிய நிமிஷத்தில் அந்தத் தலை, உள்ளே மேசையில் இருக்கும் சதையைப் போலவே புதியது. ஒன்றுக்குப் பனிக்கட்டி, மற்றதற்கு வெயில். நாலு மணி நேரம் கழித்து ஒன்று உணவு, மற்றது நாற்றம். சோறும் குழம்பும் விற்கும் நாசி கண்டார் கடையில் பெரிய மீனின் தலை தனி மரியாதையோடு தட்டில் வந்து உட்காரும், உடம்பைவிட விலை கூடவும் இருக்கும். கெரிசியின் தலைக்கு அந்த விலை இல்லை, அதனால் அதற்குப் பனிக்கட்டியும் இல்லை.

நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். எழுத எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும்.

ஒரு நோன்புப் பெருநாள் சமயம். மீன்தூள் ஆலை நாலு நாள் மூடல். அப்பெக்கின் லோரி வரவில்லை. எங்கள் ஆலைக்கோ எதிர்பாராமல் நிறைய மீன் வந்துவிட்டது, ஒரு ஷிப்ட் கூடுதலாக ஓட்டினார்கள். நான் அன்று மகளின் பள்ளிக்கூட வேலையாக விடுப்பில் இருந்தேன். மாலை ஐந்துக்குப் போன் வந்தது.

"அக்கா, தோங் எல்லாம் நிறைஞ்சிருச்சு. வைக்க இடமில்ல. அரைச்சு வடிகால்ல விட்டுடலாமா? உங்க தொட்டி தாங்குமா?"

"விடாத தம்பி. தாங்காது. மீனை நிறுத்தச் சொல்லு."

"நான் எப்படிக்கா நிறுத்துறது?"

அவனைக் குறை சொல்ல முடியாது. இருபத்தாறு வயசுப் பையன், உற்பத்தி மேற்பார்வையாளர். மேலே இருந்து 'விடு' என்று சொல்லிவிட்டார்கள், விட்டுவிட்டான். நான் போய்ச் சேர்ந்தபோது கொழுப்புத் தொட்டி பொங்கித் தரையெல்லாம் வழிந்திருந்தது. காற்றூதும் தொட்டியில் இருக்கும் கிருமிகளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தின்ன முடியும் என்று உண்டு. அளவுக்கு மேல் கொட்டினால் மூச்சுத் திணறிச் சாகும். மறுநாள் காலை தொட்டி கறுத்து, அழுகிய முட்டை வாசனை. பின்னால் ஓடும் கால்வாயில் திலாப்பியா மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. பக்கத்துக் கம்பத்தில் (கிராமத்தில்) இருந்து ஒரு மலாய்ப் பெரியவர் வேலி ஓரம் வந்து நின்று, எதுவும் சொல்லாமல் என்னைப் பார்த்தார். திட்டியிருக்கலாம்.

தொட்டி பழைய நிலைக்கு வர மூன்று வாரம் ஆனது. அந்த மாத அறிக்கையில் எண்ணை உள்ளபடியே எழுதினேன். எழுத வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார்கள். எழுதினேன்.

அன்றிலிருந்துதான் மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பல நாடுகளில் சட்டம் மீனைப் படகிலேயே பிடித்துவிடுகிறது. நார்வேயில் 1987-இலேயே காட், ஹேடாக் மீன்களைக் கடலில் திருப்பி எறியத் தடை. அலாஸ்காவின் கதைதான் எங்கள் தொழிலுக்கு ரொம்ப நெருக்கம், ஏனென்றால் அங்கே பொல்லாக் என்ற மீனில்தான் சுரிமி செய்கிறார்கள். 1980-களின் கடைசியில் சில ஆலைக் கப்பல்கள் பொல்லாக்கின் சினையை மட்டும் எடுத்துக்கொண்டு மீதி மீனைக் கடலில் கொட்டின. ஜப்பானில் சினைக்கு நல்ல விலை. கரையில் இருந்த மீனவர்கள் கொதித்துப் போனார்கள். அதற்குத் தடை வந்தது. அப்புறம் 1998-இல் பெரிங் கடலில் இன்னொரு விதி: பொல்லாக், பசிபிக் காட் இரண்டையும் வலையில் விழுந்தது அத்தனையும் வைத்துக்கொள்ள வேண்டும், அதன் எடையில் குறைந்தது 15 சதவீதமாவது பொருளாக மாற வேண்டும்.

15 ரொம்பக் குறைவு என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. எங்கள் மோசமான நாளில்கூட அதைத் தாண்டிவிடுவோம். ஆனால் நான் அந்த எண்ணை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. உள்ளே வந்த எடை, வெளியே போன எடை, இரண்டையும் ஒரே வரியில் வைத்து ஒரு சட்டம் பேசியிருக்கிறது. மீனின் எவ்வளவு பங்கைப் பயன்படுத்தினாய் என்று முதலாளியைக் கேட்டிருக்கிறது. நம் சட்டம் இன்னும் அதைக் கேட்கவில்லை.

அதே அலாஸ்காவில் இன்னொரு பக்கமும் உண்டு. கரையோர ஆலைகள் பலவற்றுக்குக் கழிவை அரை அங்குலத்துக்கு அரைத்துக் கடலில் விட அனுமதி இருக்கிறது. நீரோட்டம் குறைந்த விரிகுடாவில் அது அடியில் போய்க் குவியும், அழுகும், அந்த இடத்தில் ஒன்றும் வாழாது. எங்கள் பையன் பெருநாள் மாலையில் செய்தது ஏறக்குறைய அதுதான். எங்கள் 'கடல்' ஓர் ஆள் அகலக் கால்வாய், அவ்வளவே வித்தியாசம். வேறு சில வகைப் படகுகளுக்கு 2008-இலிருந்து, பிடித்ததில் 65 சதவீதம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று தொடங்கி 85 வரை ஏற்றினார்கள். நடுக்கடலில் அதைச் சரிபார்ப்பதும் அமலாக்குவதும் பெரும்பாடாகி, சில வருஷத்தில் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். கடலில் அது கஷ்டம், ஒத்துக்கொள்கிறேன். நிலத்தில் சுவரும் கதவும் தராசும் இருக்கும் ஆலையில் என்ன கஷ்டம்?

கேட்பதற்கு முன் நாமே செய்து காட்டலாம் என்று ஒரு முயற்சி செய்தேன். அரைத்த மீன் கழிவில் ஃபார்மிக் அமிலம் கலந்தால் அது அழுகாது. நூறு கிலோவுக்கு ஏறக்குறைய மூன்று கிலோ அமிலம், புளிப்பைக் காட்டும் பி.எச். எண் 4-க்குக் கீழே போய்விட வேண்டும், அதுதான் முக்கியம். குடலில் இருக்கும் நொதிகளே சதையைக் கரைத்துவிடும். நம் ஊர் வெக்கையில் மூன்றாம் நாள் பார்த்தால் கஞ்சி மாதிரி ஆகியிருக்கும், எலும்பு அடியில், எண்ணெய் மேலே. நாற்றம் இல்லை, புளித்த மாவு வாசனைதான். பனிக்கட்டி வேண்டாம், குளிர் அறை வேண்டாம், மாதக்கணக்கில் வைக்கலாம், கால்நடைத் தீவனத்திலும் மீன் தீவனத்திலும் சேர்க்கலாம். அமிலம் கண்ணில் பட்டால் ஆபத்து; கண்ணாடி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு நானும் நேப்பாளத்துத் தம்பி ஒருவரும் இரண்டு தோங்கில் செய்தோம். நன்றாக வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்று வெள்ளிக்கிழமை; தலைக்கு எலுமிச்சை தேய்த்துக் குளித்து மீன் வாசனையைப் போக்கிவிட்டுத்தான் கோயிலுக்குப் போவேன். அன்று அந்தப் புளிப்பு வாசனையோடே போனேன்.

திங்கட்கிழமை முதலாளியைக் கூட்டிவந்து காட்டினேன். மூடியைத் திறந்து பார்த்தார், மோந்தார், தலையாட்டினார். அப்புறம் கேட்டார்: "சியாப்பா சூரோ?"

யார் செய்யச் சொன்னது? கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். சுற்றுச்சூழல் துறையா, மீன்வளத் துறையா, வெளிநாட்டு வாங்குநரா? யாரும் இல்லை என்றேன். அமிலத்துக்குக் காசு, கலக்கும் தொட்டிக்குக் காசு, ஆளுக்குக் காசு, வாங்க இன்னும் ஆள் கிடையாது. அப்பெக்கோ நமக்குக் காசு கொடுத்து எடுத்துப்போகிறார். பக்கத்து ஆலை செய்யாததை நான் மட்டும் செய்தால் என் விலை ஏறும், அவன் விலை ஏறாது என்றார். அவர் சொன்ன கணக்கில் தப்பே இல்லை. நல்ல மனிதர், என் அப்பா இறந்தபோது மூன்று நாளும் வந்து உட்கார்ந்திருந்தார். ஆனால் நல்ல மனிதரின் தனி முடிவில் இது நடக்காது. எல்லா ஆலைக்கும் ஒரே நாளில் ஒரே கேள்வி வந்தால்தான் நடக்கும். அப்போது வாங்குகிறவனும் வருவான், ஏனென்றால் சரக்கு தினமும் வரும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும்.

ஐஸ்லாந்தில் காட் மீனின் தலையைக் காயவைத்து நைஜீரியாவுக்கு அனுப்புகிறார்கள். தோலில் இருந்து காயத்துக்குப் போடும் மருந்துத் துண்டு செய்த ஒரு நிறுவனம் 2023-இல் நூறு கோடி டாலருக்கு மேல் விலைபோனது. கெரிசித் தோலில் இருந்து அப்படி வரும் என்று நான் சொல்லவில்லை. அது வெயிலில் நிற்கும்வரை எதுவும் வராது என்று மட்டும் தெரியும்.

ஒரு பயமும் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். இங்கே துறைமுகத்தில் விலைபோகாத சின்ன மீனுக்கு இக்கான் பாஜா என்று பேர். பாஜா என்றால் உரம். அதில் குப்பை மீன் மட்டும் இல்லை, வளர்ந்தால் கிலோ கணக்கில் விற்கக்கூடிய மீனின் குஞ்சுகளும் கிடக்கும். கழிவுக்கு நல்ல விலை வரட்டும் என்று சட்டம் போட்டு, அந்த விலைக்காகவே குஞ்சுகளை அள்ள ஆரம்பித்தால் எல்லாம் கெட்டுவிடும். ஐரோப்பாவில் பிடித்த மீனைக் கரைக்குக் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்ற விதியை 2015-இலிருந்து 2019-க்குள் படிப்படியாகக் கொண்டுவந்தபோது, குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இருக்கும் மீனை மனிதர் சாப்பிட நேரடியாக விற்கக்கூடாது என்றும் சேர்த்தே எழுதினார்கள். குஞ்சு மீனுக்குச் சந்தை உருவாகக் கூடாது என்பதற்காக. நம் நாட்டிலும் இழுவலையின் கடைசிப் பைக்கு 38 மில்லிமீட்டர் கண்ணி என்று விதி உண்டு. ஆலைக்குள் எடை போடும் விதி வந்தால், அது இந்தக் கண்ணி விதியோடு கைகோத்துத்தான் வர வேண்டும். ஆலையில் வெட்டிய தலை வேறு, முழுசாக வந்திறங்கும் பாஜா வேறு. இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுத விடக்கூடாது.

நான் கேட்பது பெரிய சட்டம் இல்லை. மாதாமாதம் எப்படியும் ஓர் அறிக்கை அனுப்புகிறோம். அதில் இன்னும் நாலு கட்டம். எவ்வளவு மீன் வந்தது, எவ்வளவு பொருளாகப் போனது, எவ்வளவு கழிவு எடையாக எங்கே போனது, அது குளிரில் இருந்ததா. முதல் இரண்டு வருஷம் அபராதமே வேண்டாம், எழுதினால் போதும். எழுத ஆரம்பித்தாலே முதலாளிகள் பார்ப்பார்கள். எழுபது சதவீதம் என்று தன் கையெழுத்துக்குப் பக்கத்தில் பார்க்கும் ஆள் சும்மா இருக்கமாட்டார். 2024-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தைத் திருத்தி அபராதத்தைப் பல மடங்கு ஏற்றினார்கள், நல்லதுதான். ஆனால் அது கால்வாயில் மீன் மிதந்த பிறகு வரும் அபராதம். தோங்கு நிறைவதற்கு முன்னால் கேட்கும் கேள்வி இன்னும் வரவில்லை.

பெருநாள் மாதிரிச் சமயங்களில் எங்கும் எடுக்கப்படாத கழிவு கடைசியில் குப்பைமேட்டுக்குத்தான் போகிறது. செபராங் பிறையில் அது புலாவ் பூரோங். நான் அதற்குப் பக்கத்தில் நிபோங் தெபாலில் இருக்கிறேன். 2022 ஜனவரியில் அந்தக் குப்பைமேடு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தபோது வீட்டு ஜன்னலைத் திறக்க முடியவில்லை. மகளுக்கு இருமல் நிற்க இரண்டு வாரம் ஆனது. என் ஆலையின் தோங்கும் அங்கே போயிருக்கும் என்ற நினைப்பு அந்த இரண்டு வாரமும் என்னோடேயே இருந்தது.

இப்போது சிம்பாங் அம்பாட் பக்கம் ஒரு சின்ன இடத்தில் வேலை பார்க்கிறேன். மீன் உருண்டை செய்கிறார்கள், பதினெட்டுப் பேர். சேரும்போது சம்பளத்துக்கு அடுத்து ஒன்றைத்தான் கேட்டேன்: பழைய தரையடித் தராசு ஒன்று மூலையில் கிடந்தது, அதைப் பின்வாசலுக்குக் கொண்டுவர வேண்டும். முதலாளியம்மா சரி என்றார். முதல் நாள் தலை வெட்டும் பையன் தோங்கைத் தள்ளிக்கொண்டு வந்து நின்று, "கழிவையுமா, அக்கா?" என்று கேட்டான். ஆமாம், ஏற்று என்றேன். முள் ஆடி நின்றது. 69. தோங்கின் எடை ஐந்து கிலோ, அதைக் கழித்துவிட்டு நோட்டின் முதல் வரியில் எழுதினேன்: செவ்வாய், காலை 10.20, கெரிசித் தலை, 64 கிலோ, பனிக்கட்டி போட்டது.